தொட்டி கட்டச் சொன்னவன்

சொட்டு விழத்தான் போகிறது என்று தெரிந்தும், அது விழுகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற பழக்கம் அர்த்தநாரிக்கு எப்போது தொற்றியதோ தெரியவில்லை. கண்ணாடிக் குழாயின் அடியில் குண்டூசித் தலையளவு திரளும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு கனம் தாங்காமல் நீண்டு, பிய்த்துக்கொண்டு கீழே குப்பிக்குள் விழும். விழுந்த பிறகுதான் இவன் மூச்சு விடுவான். அதற்குள் அடுத்தது திரளத் தொடங்கியிருக்கும். குழாய்க்குள் ஒரு சாண் உயரத்துக்குக் கரி, தேங்காய்த் தொட்டியைச் சுட்டுப் பொடித்து நீராவியில் பதப்படுத்திய கரி. மேலே இருந்து பம்பு ஆற்றுத் தண்ணீரைக் குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல அதற்குப் புகட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே போகிற தண்ணீரும் வெளியே வருகிற தண்ணீரும் கண்ணுக்கு ஒன்றுதான், மோந்து பார்த்தாலும் ஒன்றுதான், ஆனால் போகிறதில் இருக்கிற ஒரு சங்கதி வருகிறதில் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்தது, சோப்பிலிருந்து கரைந்தது, மனுசர் விழுங்கிய மாத்திரையிலிருந்து மூத்திரத்தோடு இறங்கியது, எல்லாம் ஆற்றில் வந்து சேர்ந்து நிறமில்லாமல் மணமில்லாமல் கிடக்கிறது. உடம்புக்குள் போனதும் தானும் ஒரு ஹார்மோன் என்று நடிக்க ஆரம்பித்துவிடுகிறது. அதைப் பிடித்து வைக்கத்தான் இத்தனை குழாயும் குப்பியும். ஜன்னலை ஆடிக் காற்று உலுக்கிக்கொண்டிருந்தது. அமாவாசை என்று கல்லூரியில் பாதிப் பேர் லீவு. வந்த மீதிப் பேரும் விரதச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் அவனும் பம்பின் முனகலும்தான். இந்நேரம் கோகிலா ஆற்றில் முழுகி எழுந்திருப்பாள் என்று நினைத்தான். நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து தள்ளி வைத்திருந்ததை, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் நினைத்துவிட்டான்.

முழுகி, ஈரச் சேலையோடு போய், அம்மன் கோயில் அரச மரத்தில் தொட்டில் கட்டிவிட்டு, உச்சிப் பூசை முடிகிற வரைக்கும் மற்றப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் அவன் அம்மா பாவாயி, பூக்கூடையும் தேங்காயுமாக. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் தண்ணீர் விட்டுக் கழுவிய வெறுந்தரையில் ஒவ்வொருத்தி முன்னாலும் பூசாரி ஒரு கை சோறு வைப்பார். இலை கிடையாது, தட்டு கிடையாது. மண்டியிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயாலேயே அதை எடுத்துத் தின்ன வேண்டும். மண்சோறு. பிள்ளை இல்லாதவள் தின்பது. கோகிலா, அவன் பெண்டாட்டி, பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள், சோற்றில் ஒரு முடி கிடந்தால் தட்டையே தள்ளிவிடுகிறவள், இன்றைக்கு மூக்கிலும் நெற்றியிலும் பருக்கை ஒட்ட அந்தத் தரையில் குனியப் போகிறாள். சுற்றி நின்று பார்க்கிற கூட்டத்தில் அவளிடம் படிக்கிற பிள்ளையின் தாயார் ஒருத்தி இருப்பாள், இருக்காமலா இருப்பாள். குறை கோகிலாவிடம் இல்லை. இந்த விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று அந்த டாக்டரம்மா, இன்னொன்று அர்த்தநாரி. ஆடி பிறந்த வாரம் தனியாகப் போயிருந்தான். கல்யாணமாகிப் பத்து வருசமாக ஸ்கேன் என்றும் ஊசி என்றும் மாத்திரை என்றும் கோகிலா ஏறி இறங்காத படி இல்லை. அவன் மட்டும் தன் பரிசோதனையை இன்றைக்கு நாளைக்கு என்று தட்டிக்கொண்டே வந்து, கடைசியில் அவள் அதைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திக்கொண்ட பிறகு போனான். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணுமே இல்லைங்க. உயிரணு எண்ணிக்கை உங்களுக்குத்தான் ரொம்பக் குறைவு. இருக்கறதும் நீந்தலை. வழி இருக்கு, ரெண்டு பேருமாச் சேந்து வாங்க" என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கோகிலா கேட்டாள், "என்ன சொன்னாங்க?" என்று. "பாக்கலாம்னாங்க" என்றான். தமிழில் இதைவிட வசதியான சொல் ஒன்று இருக்கிறதா? பெண் பார்த்துப் பிடிக்காத வீட்டிலும் பாக்கலாம், வேலை கேட்டு வந்தவனிடமும் பாக்கலாம். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அந்தச் சொல்லுக்குள் புகுந்துகொண்டு இரண்டு வாரம் சௌகரியமாகக் குடியிருந்துவிட்டான். கோகிலாவும் சரி என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

சொட்டு. இதெல்லாம் ஒரு சொல்லால் வந்தது என்று தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டிப் பார்த்தான், காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. போன வாரம் இதே நாற்காலியில், இதே குழாய் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மா போன் பண்ணினாள். ஒரு கண் சொட்டில், ஒரு காது போனில். "சாமி, தொட்டி கட்டோணும்டா. எத்தனை நாளுக்குத் தள்ளிப் போடறது, அமாவாசைக்குக் கட்டீரலாமா?" என்றாள். வீட்டு மொட்டை மாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வெயிலில் விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். "கட்டும்மா. கட்டறதுன்னா நல்லதாக் கட்டு." "கடையிலயே சின்னது பெருசுன்னு ரெடியா விக்கறாங்களாமா." "கடையில விக்கறது வேண்டவே வேண்டாம். எல்லாம் பிளாஸ்டிக்கு, அதனாலதான் பாதிக் கெடுதலே." "அப்ப நம்ம கையாலயே செஞ்சு கட்டறதுங்கறயா?" "ஆமா. நம்மளே கட்டுனாத்தான் உறுதியா இருக்கும்." அம்மாவின் குரல் தழுதழுத்ததைக்கூட இவன் டவர் கிடைக்கவில்லை என்று நினைத்தான். "அம்மிணிகிட்ட நீ சொன்னேன்னு சொல்லட்டுமா சாமி?" "சொல்லு, நானே கட்டச் சொன்னேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, குப்பி நிறைந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டான். தேங்காய் ஓடும் அவர்கள் ஊரில் தொட்டி, தண்ணீர் நிற்பதும் தொட்டி, பிள்ளை தூங்குவதும் தொட்டிதான். திருச்செங்கோட்டுப் பக்கம் எவரும் தொட்டில் என்று நாக்கை மடக்கி முடிப்பதில்லை. கடைசி எழுத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு எழுத்து வெளியே வந்திருந்தால்கூட, என்று நினைத்தான், உடனே, வந்திருந்தால் மட்டும் நீ என்ன கிழித்திருப்பாய் என்றும் நினைத்தான். இன்று காலையில் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு கோகிலா வாசலுக்கு வந்தாள். கையில் அவளே மூங்கில் குச்சியும் பழைய வேட்டித் துணியும் வைத்துத் தைத்த தொட்டில், உள்ளங்கை அளவு. "நீங்களே கட்டச் சொல்லீட்டீங்களாமா. அத்தை சொன்னாங்க" என்றாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "நீங்க இதையெல்லாம் நம்ப மாட்டீங்க, வேண்டாம்னு சொல்லீருவீங்கன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். கட்டீட்டு, அப்படியே மண்சோறும் சாப்புட்டுட்டு வந்தரலாம்னு அத்தை சொல்றாங்க" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்றாள். இப்போது நினைக்கும்போது அது தெள்ளத்தெளிவாகத் தெரிகிறது. அவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். பஸ்ஸுக்கு நேரமாச்சு அம்மிணி என்று அம்மா கூப்பிட்டாள். "பாத்துப் போங்க" என்றான்.

குப்பியை மாற்றினான். மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கண்ணை மூடவில்லை, ஆனால் மூடினாற்போலத்தான் இருந்தது. காற்று, பம்பு, காற்று. தாலாட்டு என்று நினைக்க வந்து, அந்தச் சொல் வேண்டாமென்று விட்டான். ஒரு ஸ்பூன் கரியைப் பிரித்து விரித்தால் அரை ஏக்கர் வரும்; கரிக்குள் அவ்வளவு துளை, துளைக்குள் துளை, அத்தனைக்கும் சுவர். அம்மாவிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது, அப்ப அதுக்கொரு பட்டா வாங்கிப் போடு என்றாள். அந்த அரை ஏக்கருக்குள் அவன் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தான். பழநியில் தைப்பூசத்துக்குக் கம்பி வரிசைக்குள் நடப்பதைப் போல வளைந்து வளைந்து போகிற சந்து, இருட்டு, ஈரம். சுவரெல்லாம் யாரோ ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கரி எதையும் குடிப்பதில்லை, குடிக்கிறது என்று நினைப்பது தப்பு. போகிறது வருகிறதைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பரப்புக் கவர்தல் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். கோகிலா வகுப்பில் இப்படி நடத்துவாளாம்: பஞ்சு தண்ணியைக் குடிச்சா அது உறிஞ்சறது; காட்டுக்குள்ள போயிட்டு வந்தா சேலைக் கரையில நாயுருவி ஒட்டிட்டு வருதே, அது பரப்புக் கவர்தல். பிள்ளைகள் ஒருத்தரும் மறக்க மாட்டார்களாம். அந்தச் சுவரில் ஒட்டி நின்றவர்களை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. கல்யாண வீட்டில் ஓர் ஆள் வந்து பந்தியில் உட்காருவான்; பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்காரன் என்று நினைப்பார்கள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து உபசரிப்பார்கள். அவன் தின்றுவிட்டு எழுந்தபின்தான் உண்மையான சம்பந்திக்கு இலை இல்லை என்று தெரியவரும். உடம்புக்குள் இவை செய்கிற வேலை அதுதான். அந்த ஆட்களின் வரிசையில் நடந்துபோகும்போது, மாத்திரை நிறத்தில், லேசான ரோஸ் நிறத்தில் கொஞ்சம் பேர் நின்றார்கள். ஏன் கோகிலா விழுங்கிய மாத்திரையாக இருக்கக் கூடாது? ஊர்ச் சாக்கடையெல்லாம் அந்த ஆற்றுக்குத்தானே போகிறது. அவளுக்கு இல்லாத நோய்க்கு அவள் வருசக்கணக்காக விழுங்கியது, வாந்தி எடுத்துக்கொண்டு விழுங்கியது, அவள் உடம்பு வழியாக இறங்கி, ஆற்றில் கலந்து, அந்தக் கோயில் படித்துறையில் அவனே இறங்கி மொண்டுவந்த கேனில் ஏறி, இப்போது அவன் எதிரில் சொட்டுகிறது. அதே படித்துறையில்தான் இன்றைக்கு அவள் முழுகுகிறாள். மூன்று முழுக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு. அவனுக்கு மூச்சு முட்டியது. நிமிர்ந்து உட்கார்ந்தான், நாற்காலி கிரீச்சென்றது.

சொட்டு. ஆண் மீனின் வயிற்றில் முட்டை இருந்ததாம். எங்கோ ஒரு வெளிநாட்டு ஆற்றில், கழிவுநீர் விழுகிற இடத்துக்குக் கீழே பிடித்த மீன்களை அறுத்துப் பார்த்தபோது ஆண்களுக்குள் முட்டை. முதன்முதலில் அதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது, ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் அவன் பெயரை வைத்து அவனை அப்படித்தான் கேலி பண்ணுவார்கள். அர்த்தநாரி. திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிற சாமியின் பெயர், பாதி ஆண் பாதி பெண். எந்தப் பாதிடா பொம்பளை, இடதா வலதா என்று டவுசரைப் பிடித்து இழுப்பார்கள். சாமிக்கு அது பெருமை. பையனுக்கு வாத்தியார் பெயர் கூப்பிடும்போதெல்லாம் காது சுடும். அந்தக் காதுச் சூடு இன்னும் போகவில்லை, அதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை. டாக்டரம்மா இருக்கறதும் நீந்தலை என்றபோதும் முதலில் சுட்டது காதுதான். எந்தத் தண்ணீரில் வந்திருக்கும்? மாடித் தொட்டியில் வெயிலுக்குச் சூடாகிக் கிடந்த தண்ணீரா, ஹாஸ்டலில் நாலு வருசம் குடித்த கேன் தண்ணீரா, பிளாஸ்டிக் பையில் கொதிக்கக் கொதிக்கக் கட்டித் தருவார்களே அந்தப் பார்சல் டீயா, இல்லை இந்த வேலைக்கு வந்த புதிதில் கையுறை போடாமல் அளந்து கலக்கினானே அந்தப் பொடியா? இல்லை, இது எதுவுமே இல்லாமல் பிறப்பிலேயே அப்படியா? காரணம் தேடாதீங்க, கெடைக்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனாலும் தேடினான். காரணம் கிடைத்துவிட்டால் அதை அம்மா முன்னால் தூக்கிப் போட்டு, பார், இது தண்ணீர் செய்தது, நான் செய்ததல்ல என்று சொல்லிவிடலாம். அம்மா முகம். அந்த முகத்தைத்தான் அவனால் தாண்ட முடியவில்லை. ஒற்றைப் பிள்ளை. அப்பா போனபின் தொட்டிக்கரிச் சூளையில் புகைக்குள் நின்று அவனைப் படிக்கவைத்தவள். எம் பையனுக்கு என்ன கொறை, அவன் ராசா என்று நாலு பேர் நடுவில் அவள் சொல்லும்போது பக்கத்தில் கோகிலா தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். இவனும் அங்கேதான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். ஒரு தடவைகூடப் பேப்பரை மடித்து வைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. யாருமே இல்லாத அறையில் தனக்கு முன்னால் தானே கூசிக் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தான்.

இப்போதே எழுந்து போகலாம். பைக்கில் போனால் பூசை முடிவதற்குள் போய்விடலாம். ஆனால் குழாயை எப்படி விட்டுவிட்டுப் போவது? பம்பு ஒரு நிமிஷம் இழுக்காமல் நின்றாலும் போச்சு. காற்றுக் குமிழி ஒன்று உள்ளே ஏறும், கரிக்குள் கீறல் விழும், அப்புறம் தண்ணீர் அந்தக் கீறல் வழியாகவே குறுக்கே ஓடிவிடும், ஒரு வார வேலை பாழ். ராத்திரியும் பகலும் ஆள் மாற்றி யாராவது பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இதைத்தான் காலையில் அம்மாவிடமும் சொன்னான், கோயிலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு. குமிழி வந்துரும்மா. அம்மா என்ன புரிந்துகொண்டாளோ, சாமி காரியம்னா சாமி காரியம், வேலைன்னா வேலை, நீ பாரு என்றாள். குமிழியை நினைக்க நினைக்க ஆறுதலாக இருந்தது. பெரிய காரியம் ஒன்றைக் காவல் காக்கிற மாதிரி இருந்தது. கீழே சொட்டு திரண்டது. இந்தக் கரி எப்போது நிறையும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எல்லாச் சுவரிலும் ஆள் நின்றபிறகு, நிற்க இடமில்லாமல், முதல் ஆள் நழுவித் தண்ணீரோடு கீழே வருவான், அன்றைக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் வெளியே எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். "சார், வயிறு நெறஞ்சுருச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கு, கோகிலாவுக்கா, எப்படித் தெரியும் இவளுக்கு என்று ஒரு கணம் மலங்க மலங்க விழித்தான். கதவருகே பெனாசிர் நின்றுகொண்டிருந்தாள். அவனோடு ஆராய்ச்சி பண்ணுகிறவள்; இந்தக் கரியை மாசக்கணக்காகச் சுட்டுப் பதம் பார்த்தவள் அவள்தான். கரிக்கு வயிறு நிறைவது என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் புழங்குகிற பேச்சு. "இன்னும் இல்லம்மா" என்றான். "தாங்குது."

"நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கையுறையை மாட்டினாள். "இல்ல." "கண்ணெல்லாம் செவந்து கெடக்குது சார். எந்திரிங்க, நான் உக்காந்துக்கறேன்." "வேண்டாம், குமிழி கிமிழி வந்துருச்சுன்னா..." "எனக்குத் தெரியாத குமிழியா?" என்று சிரித்தாள். "பொழுது எறங்கற வரைக்கும் நான் இருக்கறேன். வீட்டுல பாப்பாவை எங்க அம்மா பாத்துக்கறாங்க. இன்னைக்கு அமாவாசை, மேடம் உங்களுக்காகச் சாப்புடாம காத்துட்டு இருக்கப் போறாங்க, போங்க சார்." நாற்காலியை விட்டு எழுந்தான். எழுந்துவிட்டால் உட்காருவதற்கு அந்த அறையில் வேறு காரணம் எதுவும் இல்லை. பெனாசிர் உட்கார்ந்து, அவனைப் போலவே குழாயின் அடியில் கண்ணை வைத்தாள், பம்பு பாட்டுக்கு முனகியது, அவன் இல்லாமலேயே சொட்டு விழுந்தது. ஜன்னலோரம் போய் நின்றான். வெளியே வேப்பமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. காற்றில் புழுதி, பிளாஸ்டிக் பை ஒன்று கட்டடத்தைத் தாண்டிப் போயிற்று. கோகிலா மண்டியிட்டிருப்பாள். ஸ்கேனுக்குப் படுக்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே அவன் விரலைத் தேடுவாள். கட்டைவிரலைப் பிடித்தால் விட மாட்டாள். கருக்குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுத்த அன்றைக்கு வலி தாங்காமல் அவன் விரலில் நகம் பதித்துவிட்டு, வெளியே வந்ததும், ரொம்ப அழுத்தீட்டனா என்று அவனைக் கேட்டாள். அந்தக் கையைத்தான் இப்போது பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். போன் கையில் இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. கோகிலாவைக் கூப்பிட்டான்; நீளமாக மணி அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்து, எடுக்கவே மாட்டாள், எடுக்காமலே இருந்துவிடட்டும் என்று கோழைத்தனமாக வேண்டிக்கொண்டிருந்தபோது எடுத்தாள்.

மைக்கில் யாரோ பெண்களை வரிசையாக உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடுக்கைச் சத்தம். "ஏனுங்க, சாப்புட்டீங்களா? ரசம் தனியா சின்ன டப்பாவுல வெச்சிருக்கறேன், பாத்தீங்களா?" என்றாள் கோகிலா.

"உக்காந்துட்டியா?"

"உக்காந்தாச்சுங்க. சோறு வெச்சுட்டே வாராங்க, எனக்கு முன்னால நாலஞ்சு பேருதான்."

"கோகிலா, டாக்டரம்மா பாக்கலாம்னு சொல்லலை." பெனாசிருக்குக் கேட்கும் என்று தெரிந்தே சொன்னான். "உனக்கு ஒண்ணுமே இல்லைன்னுதான் சொன்னாங்க. கொறை எனக்குத்தான்."

உடுக்கை அடித்துக்கொண்டே இருந்தது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். போகவில்லை.

"அன்னைக்கே சொல்லீட்டாங்களா?"

"அன்னைக்கேதான்."

"அப்பறம் எதுக்குங்க என்னையத் தொட்டி கட்டச் சொன்னீங்க?"

"நான் தண்ணித் தொட்டின்னு நெனச்சேன்" என்றான். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவனுக்குக் கேட்டது. "மாடியில ஒழுகுதே, அது. காலையிலதான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் வாயைத் தொறக்கலை. தப்புதான் கோகிலா."

வகுப்பில் கடைசிப் பெஞ்சுப் பையனிடம் பேசுகிற குரலில் கோகிலா சொன்னாள். "நானா எந்திரிக்க மாட்டேன். அத்தை பக்கத்துலதான் இருக்கறாங்க. நான் சொன்னா, அவங்க பையன்மேல பழி போடறேம்பாங்க. நீங்களே சொல்லுங்க."

போன் கை மாறுகிற சரசரப்பு. வளையல் சத்தம். "என்றா சாமி, இந்நேரத்துல? பூசாரி கிட்ட வந்துட்டாரு, வெரசாச் சொல்லு" என்றாள் பாவாயி.

"அம்மா, அவளை எந்திரிக்கச் சொல்லு."

"ஏன்டா, என்னாச்சு?"

"அங்க உக்கார வேண்டியது அவ இல்லம்மா. நான்."

"என்னமோ சொல்றே, மைக்குச் சத்தத்துல ஒண்ணுங் கேக்கலை. சத்தமாச் சொல்லு சாமி."

நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்டதை நம்ப முடியாமல் இன்னொரு தடவை கேட்கிறாளா, அவனுக்குத் தெரியவில்லை. காது சுட்டது, கழுத்து வரைக்கும் சுட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, காற்றுக்கு மேலே கத்திச் சொன்னான். "கொறை எங்கிட்டத்தாம்மா. டாக்டரு பாத்துச் சொல்லீட்டாங்க. கோகிலாகிட்ட ஒரு கொறையும் இல்ல. புள்ளை இல்லாதது என்னாலதான்."

பெனாசிர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவள் முயன்றது அவள் முதுகில் தெரிந்தது.

அம்மா திட்டுவாள், இல்லை என்பாள், எவன்டா அந்த டாக்டர் என்பாள், எதற்கும் தயாராக நின்றான். ஆனால் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டுப் பேசுகிற குரல் தள்ளிக் கேட்டது, அவனிடம் அல்ல. "எந்திரி, அம்மிணி." பிறகு யாரோ ஏதோ கேட்டார்கள், யாரோ அதட்டினார்கள், வரிசையில் ஏன் எழுந்திருக்கிறாள் என்று. "எந்திரிக்கச் சொன்னது நான்தான். அவ திங்க வேண்டியதில்லை" என்றாள் அம்மா, இன்னும் உரக்க. அவன் சுவரில் சாய்ந்து நின்றான். முடிந்துவிட்டது, இவ்வளவுதானா, இவ்வளவுக்கா இத்தனை நாள் என்று நெஞ்சு லேசாகி மிதந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"பூசாரி, இங்க வைங்க" என்றாள் அம்மா. "எம் பையனுக்கு நான் தின்னுக்கறேன்."

"அம்மா!" என்று கத்தினான். "அம்மா, வேண்டாம்மா, கேளும்மா, இதுக்கு மருந்து இருக்குது, அம்மா..." போன் அம்மா கையில் இல்லை. எங்கோ தூரத்தில், சேலை மடியில் கிடந்தது போல, உடுக்கையும் மைக்கும் மட்டும் அடைத்து அடைத்துக் கேட்டன. அப்புறம் மறுபடி வளையல் சத்தம்.

"ஏனுங்க" என்றாள் கோகிலா, மெதுவாக. "அத்தைக்கு முட்டி மடங்கலை. ரெண்டு பேரு புடிச்சு உக்கார வெச்சாங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டாங்க."